புதுப்பிப்புகளை நிறுத்தி வைப்பது சரியா?

கேள்வி:
ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடென் மூலம் வெளியான ஆவணங்களின்படி, அமெரிக்காவின் பிரிசம் கண்காணிப்புத் திட்டத்தில் மைக்ரோசாஃப்ட் 2007 முதலும் கூகுள் 2009 முதலும் ஆப்பிள் 2012 முதலும் இடம்பெற்றிருந்தன. தங்கள் சர்வர்களுக்குள் அரசை நேரடியாக நுழையவிடவில்லை என்று அந்நிறுவனங்கள் மறுத்தன. ஆயினும் எனக்கு நம்பிக்கை போய்விட்டதால், தானியங்கிப் புதுப்பிப்புகளை நிறுத்தி வைத்திருக்கிறேன். இது சரிதானா?

மறுமொழி 1:
தயவுசெய்து இன்றே மீண்டும் இயக்குங்கள். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டறிந்து, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விண்டோஸ் ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சில் திருத்தம் வெளியிட்டது. அடுத்த மாதமே அம்முகமையின் கருவி இணையத்தில் கசிந்தது. மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் அதே ஓட்டை வழியாகப் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் வரை முடக்கியது. திருத்தத்தை நிறுவியிருந்த கணினிகளுக்குள் அந்த வழியாக அதனால் நுழைய முடியவில்லை.

மறுமொழி 2:
முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கேட்டவரின் அச்சத்தை வீண் என்று ஒதுக்க மாட்டேன். தரவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறைகுறியாக்கச் சாவிகள் யாராலும் ஊகிக்க முடியாத எண்களிலிருந்து பிறக்க வேண்டும். அத்தகைய எண்களை உருவாக்க, 2006இல் அமெரிக்கத் தர நிறுவனம் அங்கீகரித்த முறைகளில் ஒன்று டூயல் ஈசி. அதிலுள்ள ஒரு மாறிலியின் பின்னணி இரகசியத்தை அறிந்தவர், வெளிவரும் 32 பைட்டுகளைப் பார்த்தே அடுத்து வரப்போகும் எண்களைக் கணித்துவிடலாம் என்று மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர்கள் இருவர் 2007இலேயே காட்டினர். ஜூனிப்பர் நிறுவனத்தின் ஃபயர்வால்களில், அதாவது வலையமைப்பைக் காக்கும் கருவிகளில், இம்முறை இருந்தது. யாரோ உள்ளே புகுந்து அந்த மாறிலியையே மாற்றி வைத்திருந்தது 2015 டிசம்பரில்தான் தெரியவந்தது. அத்துடன் சிக்கிய கள்ளக் கடவுச்சொல் ஒன்று, நிரலாளர் பிழை தேடுவதற்காக எழுதும் சாதாரண வரியைப் போலவே அமைக்கப்பட்டிருந்ததால், மூல நிரலைப் படிப்பவரின் கண்ணும் அதைத் தாண்டிப் போயிருக்கும். ஒருவருக்கென்று வைத்த வாசலில் வேறொருவர் தன் பூட்டைப் போட்டுக்கொள்ள முடியும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மறுமொழி 3:
தொலைபேசியிலும் இது நடந்திருக்கிறது. சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காக எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் இருந்த வசதியை அந்நியர்கள் கைப்பற்றியதால், 2004-05இல் கிரேக்கப் பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டது.

புதுப்பிப்பு வேறு, தரவை ஒப்படைப்பது வேறு. நிறுவனத்திடம் சாவி இருந்தால், சட்டபூர்வமான ஆணை வரும்போது அது தரவைத் திறந்து கொடுத்தாக வேண்டும். சாவி பயனரிடம் மட்டும் இருந்தால் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் அரசுகள் அந்த ஏற்பாட்டையே குறிவைக்கின்றன. பிரிட்டனில் அரசின் நெருக்குதலுக்குப் பிறகு, தன் இணையச் சேமிப்புச் சேவையான ஐகிளவுடுக்கான அத்தகைய கூடுதல் பாதுகாப்பை ஆப்பிள் 2025 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. உங்கள் காப்புப் பிரதிகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. புதுப்பிப்புகளை மீண்டும் இயக்கிவிட்டேன். காப்புப் பிரதிகளின் சாவி சேவை நிறுவனத்திடமே இருப்பதாக இப்போதுதான் பார்த்தேன். இனி எங்களிடமே மறைகுறியாக்கிய பிறகு ஏற்ற ஏற்பாடு செய்கிறேன். அந்தச் சாவி தொலைந்தால் தரவும் போய்விடும் என்பதால், அதன் நகல் ஒன்றை இணையத்தோடு தொடர்பில்லாத இடத்தில் பூட்டி வைப்பேன்.