சிமுலேட்டர் மொடியூலைத் திருப்பிப் பாவிக்கேலாதாம், ட்ரக் குதிக்குதாம்!

கல்முனைத்தம்பி: வேற நாட்டு ராணுவ ஓட்டுநர் பயிற்சிக்கு எழுதின சிமுலேட்டர் வாகன மொடியூலை (மென்பொருள் பகுதியை) மட்டக்களப்பு வரைபடத்தில போட்டா ட்ரக் குதிக்குது. மறுபயன்பாடு எண்டதெல்லாம் டெண்டருக்கு எழுதுற வசனம்.

வாவிக்கரை: என்னகா, அது மொடியூலின்ட குற்றமா? ஐஇஇஇ 1278 நியமப்படி டிஐஎஸ் (சிமுலேட்டர்கள் நெட்வேர்க்கில ஒண்டோடொண்டு பேசுற முறை) பொதியில இடம் பூமி மையத்திலிருந்து, 64 பிட்டில வருது. அதை 32 பிட் ஃப்ளோட்டில (துல்லியம் குறைஞ்ச எண் வகை) வாங்கினது ஆர்? மட்டக்களப்பில எக்ஸ் 912, வை 6254, இசட் 851 கிலோமீட்டர். அந்த வையில ஃப்ளோட் அரை மீட்டர் படியாத்தான் நகரும். 81.7 பாகை கிழக்கு நெடுங்கோட்டில வை அச்சு கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்து நிக்குது. அதான் கிழக்கே மூன்றரை மீட்டருக்கு ஒருக்கா துள்ளல்.

கல்முனைத்தம்பி: டெட் ரெக்கனிங், அதான் கடைசிப் பொதியின்ட வேகத்தை வச்சு இடத்தை ஊகிக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறீங்களா அண்ணன்? பிழை 1 மீட்டரைத் தாண்டினாத்தான் அடுத்த பொதி. துள்ளல் அங்க.

வாவிக்கரை: நெட்வேர்க் வயரைக் கழற்றிப்போட்டு சொந்த ட்ரக்கை ஓட்டிப் பாரும். அப்பவும் அரை மீட்டர்.

சம்மாந்துறையான்: மறுபயன்பாடு எண்டா கோடா, எச்எல்ஏ (சிமுலேட்டர்களை இணைக்கிற இன்னொரு நியமம்) இடைமுகமா? முதல் அதைச் சொல்லுங்களன்.

கல்முனைத்தம்பி: அரை மீட்டர், அரை மீட்டர்! ஹார்ட்பீட் (ட்ரக் அசையாட்டியும் பொதி அனுப்புற இடைவெளி) 5 செக்கனை 2 எண்டு அடிச்சவர்தானே.

வாவிக்கரை: அது வேற திரி. பௌதிகக் கணக்கை டபிளில, அதான் 64 பிட்டில, விடும். காட்சிக்கு மட்டும் உள்ளூர் மையத்தை டபிளிலயே கழிச்சு, மறுகா ஃப்ளோட்டாக்கும். 10 கிலோமீட்டருக்குள்ள படி 1 மில்லிமீட்டர்தான். மையத்தை மொடியூலுக்குள்ள எழுதாம, தொடங்கேக்க வெளியால குடும். எந்த நாட்டுக்கும் அதே மொடியூல் ஓடும்.

கல்முனைத்தம்பி: பூமி வளையும் சேர். மட்டக்களப்பு மையமெண்டா 35 கிலோமீட்டர் தள்ளிக் கல்முனை நூறு மீட்டரளவு கீழ கிடக்கும்.

சம்மாந்துறையான்: கல்முனை எப்பவும் கீழதானே 😀

கல்முனைத்தம்பி: உங்கட ஊர் 40 கிலோமீட்டர் காக்கா. 125 மீட்டர் கீழ. கணக்குப் போட்டுப் பாருங்க.

வாவிக்கரை: தொடுதளத்து (மையத்தில பூமியைத் தொடுற தட்டைத் தளம்) இசட்டை உயரமெண்டு வாசிச்சா ரெண்டு ஊரும் தாழும். உயரத்தை நீள்கோளத்திலிருந்து (பூமிக்குப் பதிலாக் கணக்கில வைக்கிற வடிவம்) எடுக்கோணும், மையம் வாகனத்தோட நகரோணும். அதிலயும் இங்க ஒரு பொறி: நம்மட கடல்மட்டமே டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பாவிக்கிற) நீள்கோளத்துக்கு 90 மீட்டருக்கும் கூடக் கீழ கிடக்கு. கடல்மட்ட உயரத்தை மாத்தாம அனுப்பினா, பக்கத்துச் சிமுலேட்டரின்ட திரையில உம்மட ட்ரக் வானத்தில ஓடும்.

கல்முனைத்தம்பி: ஓடட்டும். கதைச்சது குதிக்கிறதைப் பற்றி. டெட் ரெக்கனிங்.

வாவிக்கரை: வயரைக் கழற்றினீரா?

கல்முனைத்தம்பி: கழற்றத் தேவையில்ல.

வாவிக்கரை: அரை மீட்டர்.