இறந்தவரின் குடும்பத்தை ஆய்வுக்காகப் பேட்டி எடுப்பது: எப்போது, எப்படிக் கேட்கலாம்?

நர்சிங்_பிஜி_மதுரை:
வணக்கம். எம்.எஸ்சி நர்சிங் ஆய்வுக்காக மேலூர், உசிலம்பட்டி பக்கம் வீட்டிலேயே இறந்த புற்றுநோயாளிகளின் குடும்பத்தாரிடம் கடைசி மாதப் பராமரிப்பு பற்றிப் பேச வேண்டும். கருமாதி முடிந்ததும் போன் செய்து, மறுவாரம் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். "இது அவர்களைப் புண்படுத்தாதா?" என்று கேட்டு எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) திருப்பி அனுப்பிவிட்டது. என்ன பதில் எழுதலாம்?

வைகைக்கரை:
கமிட்டி கேட்டது நியாயம். அதற்காகக் குடும்பத்தாரிடம் பேசவே கூடாது என்றில்லை. இப்படிப் பேட்டி கொடுப்பவர்களில் பலர் அழுவார்கள், அழுதுவிட்டு "மனசுல கெடந்தத இறக்கி வச்சேன்" என்றும் சொல்வார்கள். வெளிநாட்டு ஆய்வுகளிலும் இதேதான். அழுகை வேறு, பாதிப்பு வேறு. சிலருக்கு மட்டும் உண்மையாகவே தாங்காது. அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், யாரிடம் அனுப்புவீர்கள் என்று எழுதினாலே கமிட்டிக்குப் பாதிப் பதில் ஆயிற்று.

பதினாறாம் நாள் முடிந்த கையோடு என்பதுதான் தப்பு. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பேர் நீக்கம் என்று வீடே அலைந்துகொண்டிருக்கும். அந்நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் என்றால் பில் பாக்கியோ என்றுதான் முதலில் பயப்படுவார்கள். இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரை இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் இறப்புக்குப் பின் 4 முதல் 11 மாதத்துக்குள் கேட்டார்கள். நம் ஊருக்கும் அது பொருந்தும். முதல் தீபாவளி, முதல் பொங்கல், தலைத்திவசம் மூன்றையும் ஒட்டிப் போகாதீர்கள். ஒரு வருஷம் தாண்டினால் மருந்து கொடுத்த நேரம், யார் எப்போது வந்தார்கள் என்பதெல்லாம் மங்கிவிடும்.

ஹோம்கேர்_அக்கா:
முதல் போனை நீங்க பண்ணாதீங்க தங்கச்சி. வீட்டுக்கு வந்து போன நர்ஸ் பண்ணி, "ஒரு புள்ள படிப்புக்காகப் பேசணுங்குது, நம்பர் குடுக்கட்டுமா, வேணாம்னா வேணாம்"னு கேக்கட்டும். சரின்னு சொன்ன பெறகு நீங்க பேசுங்க. பேட்டி எடுக்குற அன்னிக்குக் காலைல திரும்ப ஒருக்கா கேளுங்க.

யார்கிட்ட பேசுறதுங்குறதுலதான் பெரும்பாலும் கோட்டை விடுறாங்க. கொள்ளி வச்ச மகன் ஒரு ஆளு, பீ மூத்திரம் அள்ளுன மருமக வேற ஆளு. மகன் "எல்லாம் நல்லாத்தான் பாத்தாங்க"ன்னு ரெண்டே வரில முடிச்சுருவாரு. மருமகளக் கூடத்துல வச்சுக் கேட்டா மாமியார்தான் பதில் சொல்லும். பின்கட்டுல, இல்லன்னா மொட்டமாடில தனியா உக்காந்து பேசுங்க. மாலை போட்ட படத்துக்கு நேரா ரெக்கார்டர வைக்காதீங்க, பேச்சு அடைச்சுக்கும்.

ரெண்டு எடத்துல உஷாரா இருக்கணும். ஒண்ணு, புற்றுநோய்னு நோயாளிக்கே சொல்லாம வச்சிருந்த வீடு. அக்கம்பக்கத்துக்கும் தெரிஞ்சிருக்காது. அதனால அவங்க அந்தப் பேரச் சொல்ற வரைக்கும் நீங்க சொல்லாதீங்க. ரெண்டு, மார்ஃபின், அதாவது கடும் வலிக்குக் குடுக்குற மருந்து. 10 மி.கி. மாத்திரையை 4 மணிக்கொருதரம் கையால குடுத்தவங்க, "கடைசியா நான் குடுத்ததாலதான் போயிட்டாரா"ன்னு கேப்பாங்க. குறிப்பெடுத்துட்டு அடுத்த கேள்விக்குத் தாவுறது பாவம். ரெக்கார்டர நிறுத்துங்க. டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா அது உயிர எடுக்காதுன்னு தெளிவாச் சொல்லிட்டு, டாக்டரே அந்த வாரம் போன் பண்ற மாதிரி முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி வைங்க.

எத்திக்ஸ்_மேசை:
கமிட்டிக்கு எழுதுகிற பதிலில் இவையும் இருக்கட்டும். தகவல் தாள் தமிழில், ஒரே பக்கத்தில். கைநாட்டு வைப்பவருக்கு ஆய்வில் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர். பேட்டிக்கு நேரம் ஒதுக்கியதால் போகும் கூலியை ஈடுகட்டலாம், ஆனால் தொகைக்குக் கமிட்டி ஒப்புதல் வேண்டும். "இதனால அரசாங்கப் பணம் எதுவும் வராது" என்று வாயாலும் சொல்லுங்கள், படிவத்தில் இருந்தாலும் யாரும் படிப்பதில்லை. மறுநாளும் இரண்டு வாரம் கழித்தும் ஒரு போன். தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால் மனநல ஆலோசகரிடம் அனுப்புங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் கொடுத்துவிடுங்கள்.

பேரை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 200 வீட்டு ஊரில் "நாக்கில் புற்று வந்த டீக்கடைக்காரரின் மனைவி" என்று எழுதினால் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரிந்துவிடும். தொழிலையோ உறுப்பையோ மாற்றுங்கள்.

நர்சிங்_பிஜி_மதுரை:
நன்றி. 4 மாதம் காத்திருந்தால் தீசிஸ் தேதி தாண்டிவிடுமே?

வைகைக்கரை:
காத்திருக்க வேண்டாம். ஹோம்கேர் (வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் சேவை) பதிவேட்டைப் பின்னோக்கிப் பாருங்கள். 4 முதல் 9 மாதத்துக்கு முன் இறந்தவர்களின் வீடுகளை அதிலேயே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பதிவேட்டைப் பார்க்கவும் அனுமதி வேண்டும், அதையும் இதே மனுவில் கேட்டுவிடுங்கள்.