மட்டக்களப்பு வாவியில் வேக்போர்டிங், வேக்சேர்ஃபிங்: எந்த போட் எடுக்கலாம்?

கல்லடிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு போட் எடுக்க இருக்கிறோம். வேக்போர்டிங் (போட் இழுக்கிற கயிற்றைப் பிடித்துப் பலகையில் நின்று போவது), வேக்சேர்ஃபிங் (போட் எழுப்புகிற அலையில் கயிறில்லாமல் பலகையில் சறுக்குவது) இரண்டும் அதிலேயே செய்யவேண்டும். ஓட்டப்போவது காத்தான்குடி, ஆரையம்பதிக்கு மேற்கே வாவி அகன்று கிடக்கிற பக்கம். வாடை முடிந்து கடல் அடங்கினதும் பாசிக்குடாவுக்கும் ட்ரெய்லரில் கொண்டு போக யோசனை.

பார்த்து வைத்தது மூன்று. ஒன்று, உள்ளூரில் செய்த 18 அடி பைபர் போட், பின்னுக்கு வெளியே மாட்டுகிற 40 குதிரைவலு அவுட்போர்ட் மோட்டர். இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து இறக்குகிற பாவித்த 21 அடி வி-டிரைவ் வேக் போட். டவர் (கயிறு கட்டுகிற உயரமான சட்டம்), அலையைப் பெருக்கத் தண்ணீர் நிரப்புகிற பாரப் பைகள் எல்லாம் அதிலேயே இருக்கு. மூன்றாவது, மூன்று பேர் ஏறுகிற ஜெட் ஸ்கீ. இழுத்துப் பிடித்தால் இரண்டாவதுக்கும் காசு காணும். அவுட்போர்டை எடுத்து, பின்னுக்குப் பாரம் ஏற்றி, சின்ன அலையில் என்றாலும் சேர்ஃப் பண்ண ஏலுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

என்ஜின்_பட்டறை:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: ஏலாது. அவுட்போர்டுக்குப் பின்னால் வேக்சேர்ஃபிங் செய்யவே கூடாது. எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் கூடாது.

வேக்போர்டிங்கில் ஆள் போட்டிலிருந்து 15 முதல் 22 மீற்றர் தள்ளிக் கயிற்றில் நிற்கிறார், போட் மணிக்கு 28 முதல் 37 கிலோமீற்றர் ஓடுகிறது. ஆள் விழுந்தால் போட் விலகிப் போய்விடும். வேக்சேர்ஃபிங்கில் வேகம் 16 முதல் 19 கிலோமீற்றர்தான், ஆனால் ஆள் போட்டின் பின்பலகையிலிருந்து இரண்டு மூன்று மீற்றரில் நிற்கிறார். அலை பிடித்ததும் கயிற்றையும் விட்டுவிடுகிறார். அதன் பிறகு அலைதான் அவரைத் தள்ளுகிறது, தள்ளுவதும் போட்டை நோக்கித்தான். கால் தடுமாறி முன்னுக்கு விழுந்தால் அவுட்போர்டில் நேரே புரொப்பெலரின் மேல்தான் விழவேண்டும். என்ஜின் உள்ளேயும் புரொப்பெலர் பின்னுக்கு வெளியேயும் இருக்கிற ஸ்டேர்ன்டிரைவ் போட்டும் இதே கதைதான். மோட்டரைச் சுற்றிக் கம்பிக்கூடு அடித்தால் போதும் என்பார்கள், நம்பவேண்டாம். பலகையும் காலும் கூட்டுக்குள் சிக்கினால் அது இன்னொரு ஆபத்து.

வி-டிரைவில் என்ஜின் பின்னுக்கு இருக்கும். ஷாப்ட் முதலில் முன்பக்கம் போய், கியர்பொக்ஸில் மடங்கி, அடிப்பாகத்தின் கீழால் பின்னுக்குத் திரும்பும். அதனால் புரொப்பெலர் பின்பலகைக்கு நல்லா முன்னால், உடலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். சேர்ஃபிங்குக்கு ஏற்றது அந்த அமைப்பு, அல்லது முன்பக்கம் பார்த்த புரொப்பெலர். வொல்வோ பென்டா 2015இல் கொண்டுவந்த ஃபோர்வேர்ட் டிரைவ் அந்த இரண்டாவது வகை.

இன்னொன்றும் இருக்கு. மெதுவாக ஓடும்போது போட்டுக்குப் பின்னால் காற்று சுழன்று புகையை உள்ளே இழுக்கும். பெற்றோல் புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். சேர்ஃப் பண்ணுகிறவருக்கு மூக்கு அந்த மட்டத்தில்தான் இருக்கு. வி-டிரைவிலும் பின் மேடையில் யாரையும் உட்கார வைத்து ஓடவேண்டாம். தலையிடி, வாந்தி வருகிற மாதிரி இருக்கு என்று ஒருவர் சொன்னால் உடனே என்ஜினை நிற்பாட்டி, ஆளைக் காற்றுப்படுகிற பக்கம் கொண்டு வாருங்கள். வெயில்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள்.

பைபர்_ஓடாவி:

மேலே சொன்னது முழுக்கச் சரி. அதை வாசித்துவிட்டு "அப்ப வி-டிரைவே எடுப்பம்" என்று முடிவெடுக்க முன், வாவியின் ஆழத்தை ஒருக்கால் பாருங்கள்.

நம்மட வாவி 56 கிலோமீற்றர் நீளம் என்றாலும் ஆழம் இல்லை. நல்ல இடத்திலும் 4 மீற்றருக்குள்தான், பெரும்பாலான இடத்தில் அதன் பாதியும் வராது. முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கிற கோடையில் இன்னும் இறங்கும். 21 அடி வேக் போட்டின் வெறும் எடையே ஏறக்குறைய 2,000 கிலோ. அதன் மேல் 1,000 லீற்றர் தண்ணீர் ஏற்றினால் இன்னொரு 1,000 கிலோ, ஐந்து ஆட்கள் 350 கிலோ. சும்மா நிற்கும்போதே 70 சென்ரிமீற்றருக்குக் கிட்டத் தண்ணீருக்குள் இருக்கும். சேர்ஃப் வேகத்தில் அணியம் (முன்பக்கம்) மேலே எழும்பி, பின்பக்கம் இன்னும் புதையும். புரொப்பெலர், சுக்கான், அடியில் இருக்கிற மூன்று சின்னச் செட்டைகள் எல்லாம் அங்கேதான். மண்திட்டில் ஒரு தட்டுத் தட்டினால் புரொப்பெலர் மட்டும் போகாது, ஷாப்டும் அதைத் தாங்குகிற கையும் வளையும். அவுட்போர்ட் என்றால் மேலே எழும்பித் தப்பும். வி-டிரைவ் மாதிரி உடலோடு பொருத்தின இன்போர்டுக்கு எழும்ப வழி இல்லை.

மோதாமல் தப்பினாலும் அலை வராது. ஆழம் காணாத இடத்தில் அலை அடியில் உரசி, நுரைத்து உடைந்துவிடும். போட்டும் இழுபட்டு நிற்கும், பெற்றோல் மட்டும் கூடக் குடிக்கும். சுத்தமான அலைக்குக் குறைந்தது 3 மீற்றர் ஆழம் வேண்டும், அதுவும் நீளத்துக்கு. ஒரு ஓட்டத்துக்கு 500 மீற்றராவது தொடர்ந்து கிடைக்காவிட்டால் எழும்புகிறதும் திருப்புகிறதுமாகவே நேரம் போகும்.

கரையையும் யோசிக்கவேண்டும். பாரம் ஏற்றின போட்டின் அலை கண்டல் வேரை அரிக்கும், தோணியில் வலை இழுக்கிறவரைக் கவிழ்க்கும். அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகம் 2022இல் அளந்து பார்த்து, வேக்சேர்ஃப் போட் கரையிலிருந்து 500 அடிக்கு மேல், அதாவது 150 மீற்றருக்கு மேல் தள்ளி ஓடவேண்டும் என்று சொன்னது. இரண்டு கரையிலும் 150 மீற்றர் விட்டு, நடுவில் 3 மீற்றர் ஆழமும் வேண்டும் என்றால் வாவியில் எத்தனை இடம் மிஞ்சும்?

காசு கொடுக்க முன் ஒரு நாள் தோணியில் போய் அளந்து பாருங்கள். 5 மீற்றர் கயிற்றில் அரை மீற்றருக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு கிலோ ஈயம். 50 மீற்றருக்கு ஒருக்கால் இறக்கி, இடத்தைப் போனில் குறியுங்கள். ஆவணி, புரட்டாதியில் அளந்தால்தான் உண்மை தெரியும், மாரியில் அளந்தால் ஏமாறுவீர்கள். ஈயம் வெளியே வரும்போது அடியில் என்ன ஒட்டியிருக்கு என்றும் பாருங்கள். கறுத்த சேறு என்றால் பரவாயில்லை. மட்டிச் சிப்பி என்றால் விழுகிறவர் காலில் வெட்டும், அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

பொத்துவில்_அலை:

ஆழமான தண்ணீர் என்றதும் எங்கட அம்பாறைப் பக்கம் சேனநாயக்க சமுத்திரத்தைச் சிலர் சொல்லுவார்கள். அது கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற தண்ணீர். நினைத்தபடி போட் இறக்க ஏலாது. தீவுக்குத் தீவு யானை நீந்துகிற இடம், தண்ணீருக்கு அடியில் பட்ட மரக் கட்டைகளும் உண்டு. அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

பாசிக்குடாவும் சேர்ஃப் போட்டுக்குச் சரிவராது. முருகைக்கல் மறைவில் தண்ணீர் அமைதிதான், ஆனால் கனதூரம் நடந்தே போகலாம், அவ்வளவு ஆழமில்லை. குளிக்கிற ஆட்களும் அங்கேதான்.

ஜெட் ஸ்கீ பற்றி: மூன்று பேர் ஏறுகிறதைத் தவிர வேறு எடுக்கவேண்டாம். ஓட்டுபவர், பின்னுக்குப் பார்த்து இருப்பவர், களைத்தவரை ஏற்றிவர ஓர் இடம், ஆக மூன்று இருக்கை கட்டாயம். வெளியே புரொப்பெலர் இல்லை என்பது பெரிய நன்மை. கெடுதி என்னவென்றால் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. 90 சென்ரிமீற்றருக்குக் குறைந்த தண்ணீரில் ஸ்டார்ட் பண்ணினால் மண்ணையும் சிப்பியையும் இழுத்து உள்ளே சுழல்கிற விசிறியான இம்பெல்லரின் விளிம்பைத் தின்றுவிடும். பிறகு என்ஜின் இரையும், இழுவை இராது. ஆற்றுவாழை, சாதாழை ஒரு பிடி போனாலும் அதே நிலைமை. இன்னொன்று, அக்சிலேற்றரை விட்டால் திரும்பாது. புதிதாக ஓட்டுபவர் பயத்தில் கையை விடுவார், அது நேரே போய் முட்டும். வேக்போர்டிங்குக்கு இழுக்கும், ஆனால் வெட்டி ஓடுகிற பாரமான ஆள் என்றால் பின்பக்கத்தைப் பக்கவாட்டுக்கு இழுத்துவிடுவார். சேர்ஃப் அலை அதில் வராது.

கல்லடிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. சேர்ஃபிங்கை விட்டுவிட்டோம். அவுட்போர்டில் வேக்போர்டிங் மட்டும் என்றால் 40 குதிரைவலு காணுமா? டவர் அடிக்கவேண்டுமா, பின்பலகை வளையத்தில் கட்டினால் போதுமா?

பைபர்_ஓடாவி:

எடையைக் கூட்டிப் பாருங்கள். 18 அடி பைபர் உடல் 300 கிலோ, மோட்டர் 75 முதல் 100 கிலோ, ஓட்டுபவரும் பார்ப்பவரும் 140, பெற்றோலும் மற்றச் சாமானும் 50. கிட்டத்தட்ட 600 கிலோ. ஒரு குதிரைவலு 11 முதல் 18 கிலோ வரை தூக்கி ஓடும் என்பது பொதுக் கணக்கு. ஆக 40இல் ஓடும், பழகுகிற ஒருவரை எழுப்பும். ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு எழுப்பாது. 60 முதல் 75 எடுத்தால் எல்லாருக்கும் சரி. ஆனால் பின்பலகை எத்தனை குதிரைவலுவுக்குச் செய்தது என்று செய்தவரிடம் கேட்காமல் பெரிய மோட்டர் மாட்டவேண்டாம். பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். பைபருக்கு உள்ளே இருக்கிற மரம் நல்லதென்றால் "டக்" என்று இறுகின சத்தம் வரும். பொத்தென்று கேட்டால் உள்ளே தண்ணீர் குடித்து உக்கிவிட்டது.

கைபிடித் திருப்பலில் இழுக்கவேண்டாம். கயிறு ஒரு பக்கம் இழுக்கும்போது பின்னுக்கு இருந்து மோட்டரைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கும் பார்க்க ஏலாது. நடுவில் ஸ்டியரிங் வைக்கிற போட் எடுங்கள்.

டவர் பற்றி என் கருத்து, வேண்டாம். நம்மட பைபர் போட் ஒடுக்கம். 2 மீற்றர் உயரத்தில் கயிற்றைக் கட்டி, 80 கிலோ ஆள் வெளிப்பக்கம் வெட்டினால் போட் அந்தப் பக்கம் சரியும். போட்டின் தரையில் பொருத்தி, இரண்டு பக்கமும் சாய்கம்பி கொடுத்து, ஒரு மீற்றர் உயரத்தில் ஒற்றைத் தூண் நிறுத்துங்கள், கயிறு மோட்டருக்கு மேலால் போகும். போல்டுக்குக் கீழே பைபரில் நேரே நட் இறுக்கவேண்டாம். உள்ளே 6 மில்லிமீற்றர் உருக்குத் தகடு வைத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு பருவத்துக்குள் துளை பெருத்துக் கிழியும். தூணுக்கு வசதி இல்லை என்றால் பின்பலகையின் இரண்டு வளையத்திலும் கட்டின V வடிவக் கவர்க் கயிறு, நடுவில் கப்பியும் மிதவையும். கயிற்றை மோட்டரிலேயே கட்டக்கூடாது.

பழகுகிறவருக்கு 15 மீற்றர் கயிறு காணும். வலைக்கயிறு பாவிக்கவேண்டாம். நைலோன் நீளும், ஆள் கையை விட்டதும் கைபிடி முகத்துக்கு வரும்.

என்ஜின்_பட்டறை:

புரொப்பெலரை ஒருவரும் சொல்லவில்லை. மீன்பிடிப் போட்டில் வருவது தூர ஓட்டத்துக்கு ஏற்ற பிட்ச் (புரொப்பெலர் ஒரு சுற்றில் முன்னேறுகிற தூரக் கணக்கு). இழுவைக்கு அதில் 2 அங்குலம் குறையுங்கள். ஒரு அங்குலம் குறைத்தால் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று ஏறும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஆள் சட்டென்று எழும்புவார். மோட்டர் புத்தகத்தில் போட்டிருக்கிற உச்சச் சுற்றைத் தாண்டாமல் பாருங்கள். மோட்டரில் புரொப்பெலருக்கு மேலே இருக்கிற தட்டு, போட் அடிப்பாகத்துக்கு நேராகவோ இரண்டு சென்ரிமீற்றர் மேலாகவோ இருக்கவேண்டும். அதற்கு மேல் போனால் வளைவில் காற்றை இழுத்துச் சும்மா சுற்றும்.

எழுப்பும்போது கயிறு இறுகும்வரை மெல்லப் போய், பிறகு ஒரே சீராகக் கொடுங்கள். திடீரென்று கொடுத்தால் ஆள் முகங்குப்புற விழுவார். விழுந்தவரிடம் திரும்பும்போது ஓட்டுபவர் பக்கத்தில் அவரை வைத்து வாருங்கள். கிட்ட வந்ததும் நியூட்ரல் போதாது, மோட்டரை நிற்பாட்டவேண்டும். நிறுத்துகிற சுருள்வயர் ஓட்டுபவரின் கையில் எந்நேரமும் இருக்கட்டும். காலை ஆறு முதல் ஒன்பது வரைதான் தண்ணீர் கண்ணாடி. ஆனால் அதுதான் வலை எடுக்கிற நேரமும், ஆகவே மீன்பிடிச் சங்கத்தாரிடம் கேட்டு ஓடுகிற பாதையை முதலே பேசி வையுங்கள்.

பிறகு பராமரிப்பு. வாவித் தண்ணீர் மாரியில் நன்னீர் மாதிரி, கோடையில் உப்பு. மோட்டர் அரிக்காமல் இருக்கத் தான் கரைகிற உலோகக் கட்டிதான் அனோட். துத்தநாக அனோட் உப்புக்கு மட்டும்தான் சரி, கலப்புத் தண்ணீரில் மேலே படை பிடித்து வேலை செய்யாமல் நிற்கும். அலுமினிய அனோட் போடுங்கள், பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓட விடுங்கள்.

கடைசியாக, தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை). ஒரு முழம் தங்கூசி சுற்றினால் வெளியே தெரியாது, மோட்டரும் நல்லாத்தான் ஓடும். அது புரொப்பெலருக்கும் மோட்டர் உடலுக்கும் நடுவில் ஷாப்டில் இறுகி, உருகி, எண்ணெய் சீல் வளையத்தை அரிந்துவிடும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கொட்டர் பின்னைக் கழற்றி, புரொப்பெலரை இழுத்தெடுத்து ஷாப்டை விரலால் தடவிப் பாருங்கள். கியர் எண்ணெயின் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு துளி விடுங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போய்விட்டது, சீல் மாற்றும்வரை போட்டை இறக்கவேண்டாம்.