மும்பை மாட்டுங்கா வீட்டுக் குழு: பாட்டியின் கொலுப்பெட்டி

சேகர் சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இடிக்கத் தேதி குறித்துவிட்டார்கள். பரணில் அம்மாவின் கொலுப்பெட்டி இருக்கிறது. யாருக்கு வேண்டும்?

முலுண்ட் அத்தை: மரப்பாச்சி எனக்கு.

சித்ரா: அது உங்களிடம்தானே இருக்கிறது அத்தை?

முலுண்ட் அத்தை: அது சின்ன ஜோடி.

பெரியப்பா: யாரும் பிரிக்காதீர்கள். பைகுல்லாவில் மாநகராட்சியின் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தில் கேட்டுப் பார்க்கலாம். 1872-இல் திறந்தது. விக்டோரியா ஆல்பர்ட் என்ற பெயரை 1975-இல் மாற்றினார்கள். இந்த ஊர் மக்களையும் தொழில்களையும் களிமண்ணில் செய்து கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள்.

சேகர் சித்தப்பா: அண்ணா, இது பண்ருட்டிப் பொம்மை.

பெரியப்பா: படி கட்டியது மாட்டுங்காவில். லால்பாக்கில் பிள்ளையார் செய்கிறவரிடம் சொல்லி சாப்பாட்டு டப்பா கொண்டுபோகிற டப்பாவாலா பொம்மை வாங்கி அம்மா செட்டியார் பக்கத்தில் வைத்தாளே, மறந்துவிட்டதா?

சித்தி: ஞாயிறு மதியம் எத்தனை பேர்?

சேகர் சித்தப்பா: அங்கே தூசிதான் படியும்.

பெரியப்பா: ஒரு காலத்தில் படிந்தது. மாநகராட்சியும் பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளையும் சேர்ந்து 2003-இல் தொடங்கிப் புதுப்பித்து 2008-இல் திறந்தார்கள். 2005-இலேயே யுனெஸ்கோ விருது கிடைத்தது.

கார்த்தி: கல் யானை நிற்கிற இடமா?

பெரியப்பா: அதேதான். எலிஃபண்டா தீவுக்குப் பெயர் தந்த யானை. 1864-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது கிரேன் முறிந்து உடைந்துபோனது. துண்டுகளை 1914-இல் ஒட்டி நிறுத்தினார்கள்.

முலுண்ட் அத்தை: உடைந்தது என்றதும் நினைவு வருகிறது. செட்டியார் கையை உடைத்தது சேகர்.

சேகர் சித்தப்பா: நான் இல்லை. ஐம்பது வருடமாகச் சொல்கிறேன்.

சித்ரா: (புகைப்படம்) இப்போதுதான் பெட்டியைத் திறந்தேன். முழங்கையில் பாட்டி அரக்கு நிறப் பட்டுத்துணியைச் சுற்றிப் பசை தடவியிருக்கிறார். அடியில் பென்சிலில் ‘1962 நவராத்திரி’. பருப்புக் குவியல் ஒன்றுகூடச் சிதையவில்லை.

முலுண்ட் அத்தை: அது அம்மாவின் கூறைப்புடவைத் துணி. செட்டியாரைத் தர மாட்டேன்.

பெரியப்பா: செட்டியார் இல்லாமல் செட்டியாரம்மாவை மட்டும் எப்படிக் கொடுப்பது? நமக்குப் பின் இதைப் பரணிலிருந்து இறக்க யார் இருக்கிறார்கள், சொல். அங்கே வைத்தால் எந்தக் குழந்தையும் பார்க்கலாம். புதன் அவர்களுக்கு விடுமுறை. வியாழன் போய்க் கேட்கிறேன்.

கார்த்தி: எடுத்துக்கொள்வார்களா?

பெரியப்பா: கேட்டால்தானே தெரியும்.

சேகர் சித்தப்பா: அதுவரை பெட்டி?

சித்ரா: என்னிடம் இருக்கட்டும். டெம்போவுக்கு யார் சொல்லியிருக்கிறீர்கள்?

முலுண்ட் அத்தை: வியாழன் நானும் வருகிறேன் அண்ணா. செட்டியாரை என் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

சித்தி: இருபது இலையா, இருபத்தைந்தா?