மேட்டுப்பாத்திக்கு மண் கலவை: மக்கிய உரம் மட்டும் போதுமா, மண்ணும் வேண்டுமா?

புதுப்பாத்தி:
வணக்கம். மரச்சட்டம் அடித்து ஒரு மேட்டுப்பாத்தி தயாராக இருக்கிறது. 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரம். அடியில் வெறும் தரைதான், சிமெண்ட் இல்லை. தக்காளி, கத்தரி, பீன்ஸ், ஒரு ஓரமாக கேரட் என்று போட ஆசை. உள்ளே எதை நிரப்புவது என்பதில்தான் குழப்பம். மண்ணே வேண்டாம், மக்கிய உரமும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சரிபாதி போதும் என்கிறார் ஒருவர், மண் இல்லாமல் எப்படி என்கிறார் இன்னொருவர். எங்கள் தரை மண் களிமண், மழை பெய்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்தால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். அதில் மணலைக் கலந்தால் சரியாகிவிடுமா? வடிகாலுக்கு அடியில் ஜல்லி பரப்பச் சொல்கிறார்கள், அதுவும் தேவையா?

வேர்முடிச்சு:
மண் கட்டாயம் வேண்டும், பாதிக்கு மேல் மண்தான் இருக்கவேண்டும். உங்கள் பாத்தி 32 கன அடி, அதாவது 900 லிட்டருக்குச் சற்று அதிகம். அதில் 18 கன அடி மண், 10 கன அடி நன்றாக மக்கிய உரம், மிச்சம் 4 கன அடிக்கு பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் குருணை), கருக்கிய உமி மாதிரி காற்றோட்டம் தரும் ஏதாவது ஒன்று. தண்ணீர் விட்டதும் அமுங்கும், அதனால் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவே கலந்து வையுங்கள்.

முழுக்க உரமாக நிரப்பினால் முதல் பருவம் செடி பிரமாதமாக வரும், அதைப் பார்த்துத்தான் பலரும் அப்படியே சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் மக்கிய உரம் மேலும் மக்கிக்கொண்டே இருக்கும், அதில் பெரும்பகுதி காற்றில் கரியமில வாயுவாகப் போய்விடும், பாத்தி மளமளவென்று கீழே இறங்கும். ஒவ்வொரு முறையும் உரத்தைக் கொட்டியே மேடாக்கினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளவுக்கு மீறிச் சேரும். தழைச்சத்து (நைட்ரஜன்) போல அது தண்ணீரோடு எளிதில் வடிந்து போவதில்லை, மண்ணிலேயே தங்கிவிடும். அப்புறம் செடியால் இரும்பும் துத்தநாகமும் சரியாக எடுக்க முடியாது, நரம்பு பச்சையாக இருக்க இளம் இலை மட்டும் வெளுக்கும். அதைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் உரம் போடுவார்கள். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மொட்டைமாடி:
மாடியில் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இந்த அளவு பாத்தியை மண் கலந்து நிரப்பி நனைத்தால் ஒரு டன்னுக்கு மேல் எடை வரும். அங்கே கோகோபீட் கலவைதான் நல்லது. தரையில் வைக்கிறவருக்கு அந்தக் கவலை இல்லை, மண்ணே போடலாம்.

களிமண்:
மணல் விஷயத்தில் அவசரப்படவேண்டாம். மொத்தத்தில் பாதிக்கு மேல் மணல் போனால்தான் களிமண்ணின் குணம் மாறும், கொஞ்சமாகக் கலந்தால் காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகிவிடும். முதலில் உங்கள் மண்ணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல், அடுத்த இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல், ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து மேலே மெல்லிய அடுக்காக இறங்குவது களி. பாதி களி என்று வந்தால் வெளியிலிருந்து செம்மண்ணோ தோட்ட மேல்மண்ணோ வாங்கி, உங்கள் மண்ணைக் கால்வாசி மட்டும் சேருங்கள். களியைச் சுத்தமாக ஒதுக்கவும் வேண்டாம், சத்தைப் பிடித்து வைப்பதே அதுதான்.

ஜல்லி வேண்டாம். பொடி மண்ணிலிருந்து ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது, மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் இறங்கும், ஈரம் வேர்ப்பகுதியிலேயே தேங்கும். அதற்குப் பதில் அடித்தரையைக் கடப்பாரையால் நன்றாக இளக்கிவிட்டு, களைக்கு அட்டைப்பெட்டிகளை டேப் பிரித்துப் பரப்பி, மேலே கலவையைப் போடுங்கள்.

புதுப்பாத்தி:
ரொம்ப நன்றி. ஜாடி இன்றே வைத்துவிடுகிறேன். இன்னொன்று, வந்திருக்கிற மாட்டுச் சாண உரம் குவியலுக்குள் கை வைத்தால் சூடாக இருக்கிறது, மூக்கில் ஏறுகிற நெடியும் இருக்கிறது. இப்போதே கலக்கலாமா?

வேர்முடிச்சு:
கூடாது. அந்த நெடி அம்மோனியா, சூடு இருக்கிறதென்றால் இன்னும் மக்கி முடியவில்லை, நாற்றின் வேர் கருகிவிடும். ஈரம் குறையாமல் அவ்வப்போது புரட்டிவிடுங்கள். சூடு அடங்கி, கறுத்து, பொலபொலவென்று மண்வாசனை வந்தபிறகு எடுங்கள். மரத்தூளையும் மண்ணோடு கலக்காதீர்கள், அது மக்குவதற்கே தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மேலே மூடாக்காகப் போட்டால் பிரச்சினை இல்லை.

மக்கிய பிறகும் பாத்தியில் கொட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். மேய்ச்சல் நிலத்தில் அடிக்கும் அமினோபைராலிட் போன்ற சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றையும் தாண்டி, மக்கும்போதும் அழியாமல் சாணத்தில் தங்கும். சின்னத் தொட்டி ஒன்றில் இந்த உரத்தோடு மண் கலந்து, இன்னொன்றில் வெறும் மண் போட்டு, இரண்டிலும் பீன்ஸ் விதையுங்கள். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். உரத் தொட்டியில் மட்டும் புது இலைகள் கிண்ணமாகக் குவிந்து முறுக்கிக்கொண்டால் அந்த உரம் வேண்டவே வேண்டாம், தக்காளியும் பீன்ஸும்தான் இதற்கு முதலில் பலியாகும்.

களிமண்:
கலக்கும்போது தார்ப்பாயில் அடுக்கடுக்காகப் பரப்பிப் புரட்டுங்கள், லேசான ஈரத்தோடு. ஒரு பிடி எடுத்து அமுக்கினால் உருண்டை நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். அப்புறம் கேரட் போடப்போகிற ஓரத்தில் மட்டும் கலவையைச் சல்லடையில் சலித்துப் போடுங்கள், கல் தட்டினால் கிழங்கு இரண்டு மூன்றாகப் பிளந்துதான் வரும்.