கையால் ஓட்டினால் சரியாக வருகிறது, கிரானில் வரிகள் காணோம்

இரவுப்பணி
இரண்டு வாரமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு), அன்றைய பதிவுகளை சார்ட் செய்து (குறியீட்டின்படி வரிசைப்படுத்தி), ஏற்கெனவே சார்ட் செய்து வைத்த முதன்மைப் பட்டியலோடு ஜாயின் போடும், அதாவது ஒரே குறியீடு உள்ள வரிகளை இணைக்கும். டெர்மினலில் ஓட்டினால் எல்லா வரியும் வருகிறது, ஆனால் அதே மெஷினில் அதே யூசரில் இரவு 2 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்) ஓட்டும்போது கொஞ்சம் வரிகள் விழுந்துவிடுகின்றன. எரர் எதுவும் இல்லை. எப்படி இதை என் கண்முன்னே நடக்க வைப்பது?

கறுப்புத்திரை
நீங்கள் லாகின் செய்யும்போது படிக்கப்படும் அமைப்பு ஃபைலான பாஷ் புரொஃபைலை கிரான் படிக்காது, அதனால் அதன் சூழல் மாறிகள் (நிரல்களுக்குக் கிடைக்கும் அமைப்பு மதிப்புகள்) வேறு. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில், அந்த மாறிகளைப் பட்டியலிடும் என்வ் கட்டளையைப் போட்டு வெளியீட்டை ஒரு ஃபைலில் எழுதுங்கள், டெர்மினலிலும் அப்படியே எடுத்து இரண்டையும் டிஃப் (வேறுபாடு காட்டும் கட்டளை) கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் என்வ் -ஐ கொடுத்துக் காலிச் சூழலில் ஸ்கிரிப்டை ஓட்டினால் பகலிலேயே பிடிபடும், இரவு வரை காத்திருக்க வேண்டாம்.

எரர் இல்லை என்கிறீர்களே, எரர் செய்திகளை எங்கேயாவது டெவ் நல்லுக்கு (வருவதையெல்லாம் வீசிவிடும் இடம்) திருப்பி விட்டிருக்கிறீர்களா?

இரவுப்பணி
ஆமாம், திருப்பி விட்டிருந்தேன்! அந்த வரியை எடுத்ததும் ஜாயின் "வரிசையில் இல்லை" என்று புலம்புகிறது. என்வ் -ஐ போட்டால் பகலிலும் வரிகள் விழுகின்றன. டிஃபில் கிரான் பக்கம் லாங் மாறியே (மொழி அமைப்பைச் சொல்வது) இல்லை. விழுவதெல்லாம் எல் முதல் இசட் வரை தொடங்கும் பெரிய எழுத்துக் குறியீடுகள்தான். அண்மையில் சின்ன கே-யில் தொடங்கும் குறியீடுகள் சில சேர்ந்தன, அவை மட்டும் ஒழுங்காக வருகின்றன.

வரிசைக்கிரமம்
அப்படியென்றால் லொகேல்தான், அதாவது எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதையும் தீர்மானிக்கும் மொழி அமைப்பு. லாங் இல்லாவிட்டால் சார்ட், ஜாயின் இரண்டும் சி என்ற அடிப்படை லொகேலில் ஓடும், அதில் பைட் மதிப்புதான் (எழுத்தின் எண் குறியீடு) கணக்கு: பெரிய ஏ 65, சின்ன ஏ 97, ஆகவே பெரிய எழுத்தெல்லாம் முன்னால் போய்விடும். டெர்மினலில் அமெரிக்க ஆங்கில லொகேல் இருந்தால் சின்ன கே, ஜே-க்கும் எல்-லுக்கும் நடுவில் உட்காரும். முதன்மைப் பட்டியலை டெர்மினலில் சார்ட் செய்திருப்பீர்கள். ஜாயின் அதில் சின்ன கே-யைப் பார்த்ததும், எல் அதைவிடச் சிறியது, பட்டியலில் இல்லை என்று முடிவுகட்டித் தாண்டிவிடுகிறது. ஸ்கிரிப்டின் தலையிலேயே எல்சி_ஆல் என்ற லொகேல் மாறியை சி என்று எக்ஸ்போர்ட் செய்யுங்கள், லாங் எதுவாக இருந்தாலும் இதுதான் மேலோங்கும். முதன்மைப் பட்டியலையும் அதே ஸ்கிரிப்டுக்குள் சார்ட் செய்துவிடுங்கள்.

இரவுப்பணி
செய்தேன். டெர்மினல், என்வ் -ஐ, நேற்றிரவு கிரான், மூன்றிலும் ஒரே வெளியீடு. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த டெவ் நல் வரியை இனி எந்த ஸ்கிரிப்டிலும் வைக்க மாட்டேன்.