படுக்கையறைக்கு இரண்டு நிறம், வெளிச்ச அளவு ஏறக்குறைய ஒன்றே: எதை எடுப்பது?

கேள்வி: சுவர் பெயின்டில் சாம்பல் கலந்த வெளிர் பச்சை ஒன்று, எல்.ஆர்.வி. (ஒளியைத் திருப்பும் அளவு) 62. மணல் நிறம் ஒன்று, எல்.ஆர்.வி. 60. அறைக்கு ஒரே ஜன்னல், அதிலும் நேர் வெயில் விழாது. எண் கூடுதலாக இருப்பதால் பச்சை அடித்தால் அறை வெளிச்சமாகத் தெரியுமா?

பதில்: தெரியாது. சுவரில் விழும் ஒளியில் எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்பதுதான் எல்.ஆர்.வி. தனித்தனியாகப் பார்த்தால் இந்த 2 எண் வித்தியாசம் கண்ணில் படாது. வெளிச்சத்தை விடுங்கள், அடிச்சாயலை, அதாவது நிறத்துக்குள் லேசாக ஒளிந்திருக்கும் இன்னொரு நிறத்தைப் பாருங்கள். வெயில் விழாத ஜன்னல் வழியே வருவது பெரும்பாலும் வானத்தின் நீலம் கலந்த ஒளி. அதில் சாம்பல் பச்சை இன்னும் குளிர்ந்து தெரியும். மணலின் மஞ்சள் கொஞ்சம் அடங்கும்.

கேட்டவர்: சுவரில் இரண்டையும் ஒட்டி ஒட்டி அடித்துப் பார்த்தேன். பச்சை பளிச்சென்று பச்சையாகவும், மணல் லேசாக ரோஸ் கலந்தது போலவும் தெரிகிறது. பெயின்ட் கடையின் நிற அட்டையில் இப்படி இல்லையே?

பதில்: ஒட்டி அடித்தால் அப்படித்தான். பக்கத்தில் பச்சை இருந்தால் மணலில் கண் சிவப்பைத் தேடும். சுற்றியுள்ள பழைய நிறமும் தன் பங்குக்குக் குழப்பும். இரண்டு பெரிய வெள்ளை அட்டை எடுத்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தை இரண்டு கோட் அடியுங்கள். நன்றாகக் காயட்டும், ஈரத்தில் எந்தப் பெயின்டும் தன் நிறத்தைக் காட்டாது. அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சுவரோடு நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். படுக்கப்போட்டுப் பார்க்க வேண்டாம், ஒளி விழும் கோணம் மாறிவிடும்.

இன்னொருவர்: படுக்கையறை என்கிறீர்கள், இரவு விளக்கைப் பற்றி யாருமே கேட்கவில்லையே! பல்பு எத்தனை கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்)?

கேட்டவர்: அட்டைப்பெட்டியில் 6500 என்று இருக்கிறது.

இன்னொருவர்: அது நீலம் தூக்கலான வெள்ளை. பச்சை அடித்தால் பகலும் குளிர்ச்சி, இரவும் குளிர்ச்சி. முதலில் 2700 அல்லது 3000 கெல்வின் பல்பு மாட்டுங்கள். சி.ஆர்.ஐ., அதாவது விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்ற எண், 90-க்கு மேல் இருந்தால் நல்லது, நிறம் திரியாது. அதன் கீழ் அட்டைகளைப் பார்த்து முடிவெடுங்கள்.

கேட்டவர்: பல்பை மாற்றிப் பார்த்தாயிற்று. இரவில் இரண்டுமே நன்றாக இருக்கின்றன. காலையில் பச்சை அட்டை வெறும் சாம்பலாகிவிடுகிறது, மணல் அப்படியே நிற்கிறது. மணலே அடிக்கிறேன். மேட் (மினுக்காத) பெயின்டா, மினுமினுப்பா?

பதில்: சுவரில் மேடுபள்ளம் இருந்தால் மேட். மினுமினுப்பு அத்தனையையும் காட்டிக்கொடுத்துவிடும்.